இடியார் ஏன் கத்தவில்லை?

வேலையிடத்தில் அவருக்கு ‘இடியார்’ என்று பேர். லிஃப்ட் பழுது பார்ப்பவர். ஆறாவது மாடியில் அவர் போடும் சத்தம் கீழே வாசல் காவலாளிக்குக் கேட்கும். ஸ்பானர் எடுத்துக் கொடுக்கத் தாமதமானாலும் சரி, வீட்டில் காபி ஆறிப்போனாலும் சரி, எல்லாவற்றுக்கும் ஒரே சுருதிதான். அந்தச் சத்தத்துக்கு நடுவிலேயே குடித்தனம் நடத்திப் பழகிவிட்டாள் அவர் மனைவி. படியில் அவர் செருப்புச் சத்தம் கேட்டதுமே டிவியை நிறுத்தி, மகளை உள்ளறைக்கு அனுப்பிவிடுவாள்.

அப்படிப்பட்டவர் ஒரு திங்கட்கிழமை, அவள் கை தவறி உடைத்த கண்ணாடி டம்ளரைப் பார்த்து, “கையில குத்தலையே?” என்று கேட்டார்.

அவளுக்குத் திக்கென்றது.

மறுநாள் சாயங்காலம் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, “இன்னைக்குக் கடையில எப்படிப் போச்சு?” என்றார். அவள் திரைச்சீலை தைக்கும் கடையில் வேலை பார்க்கிறாள் என்பதாவது இவருக்கு நினைவிருக்குமா என்று அதுவரை அவளுக்குச் சந்தேகம்தான். “போச்சு,” என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்துபோனாள்.

கடையில் அவள் கெட்டிக்காரி. வந்தவர் “நல்லாத்தான் இருக்கு…” என்று இழுத்தாலே, நிறம் பிடிக்கவில்லை என்று கண்டுகொண்டு வேறு துணியை விரிப்பாள். சொந்தப் புருஷன் முகம் மட்டும் பிடிபடவில்லை. சட்டையை முகர்ந்து பார்த்தாள், கிரீஸ் வாசனைதான். செல்போனை ஒளிக்கிறாரா என்று கவனித்தாள். எல்லார் கண்ணிலும் படும்படி மேசைமேல் கிடந்தது. அதுவே சந்தேகத்தைக் கூட்டியது. ஒருவேளை உடம்புக்கு ஏதாவதா? டாக்டர் கெடு வைத்துவிட்டாரா? நாத்தனாருக்கு போன் போட்டாள்.

“அக்கா, உங்க தம்பி கொஞ்ச நாளா கத்தவே மாட்டேங்கறாரு.”

“ஐயையோ, என்ன பண்ணித் தொலைச்சான்?” என்று பதறினாள் அக்காள். “சின்ன வயசுல பக்கத்து வீட்டு ஜன்னலை உடைச்சப்பத்தான் இப்படி வாயைத் திறக்காம இருந்தான். விடாத, கேளு!”

அன்று அவர் குளித்துவிட்டு வந்ததும் கேட்டேவிட்டாள். “மறைக்காம சொல்லிடுங்க. வேற யாராவதா? இல்ல உடம்புக்கு முடியலையா?”

பழைய இடியாராக இருந்தால் வீடு ரெண்டாகியிருக்கும். இவர் துண்டைப் பிழிந்தார். ஏற்கெனவே பிழிந்த துண்டுதான்.

“அன்னைக்கு ஞாயித்துக்கிழமை உன் அண்ணன் வீட்டுல இருந்து உங்க ரெண்டு பேரையும் கூட்டிட்டு வர வந்தேன்ல,” என்றார். “பெல் அடிக்கப் போனேன். உள்ள யாரோ விழுந்து விழுந்து சிரிச்சாங்க. யாரோ விருந்தாளின்னு நெனச்சேன். பார்த்தா நீ. இத்தனை வருஷம் கூட இருந்தும் உன் சிரிப்பு எனக்கு அடையாளம் தெரியல. என்னைப் பார்த்ததும் நிறுத்திட்டு, பையைத் தூக்கிக்கிட்டு எந்திரிச்சுட்ட. பாப்பா உன் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டா.”

அவளுக்கு நெஞ்சு இளகியது. உடனே இறுக்கிக்கொண்டாள். காலமெல்லாம் கேட்ட சத்தம் இந்த ஒரு பேச்சில் அடங்கிவிடுமா? இது எத்தனை நாளைக்கு?

“எனக்கு நம்பிக்கை வரலீங்க.”

“எப்படி வரும்?” என்றார். கோபப்படவில்லை. அதுவும் அவளுக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

பிறகொரு நாள் காலை, அவள் மோட்டாரை நிறுத்த மறந்துவிட்டாள். மொட்டைமாடித் தொட்டி வழிந்து, காயப்போட்டிருந்த அவருடைய வேலைச் சட்டைகள் தொப்பலாக நனைந்துவிட்டன. தடதடவென்று அடுக்களைக்கு வந்தார். முகம் சிவந்திருந்தது, வாயும் திறந்துவிட்டது. அவள் தோள்கள் தாமாகவே குறுகின.

அவர் அந்தத் தோள்களைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார். புஸ்புஸ்ஸென்று மூச்சுதான் வந்தது. போய் மோட்டாரை நிறுத்திவிட்டு, குளியலறைக்குள் நுழைந்து வீடே அதிரும்படி கதவை அறைந்து சாத்தினார்.

விசித்திரம், அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் அவளுக்குக் கொஞ்சம் நிம்மதி. கோபம் எங்கும் போய்விடவில்லை. மனுஷன் அதைக் கையில் பிடித்துக்கொண்டு திண்டாடுகிறார். நடிப்பென்றால் இவ்வளவு சிரமம் இருக்காது.

கதவருகே போனாள். “நீலச் சட்டை ஒண்ணு காஞ்சுதான் இருக்கு. இஸ்திரி போட்டுத் தரட்டுமா?”

“கொஞ்ச நேரம் எங்கிட்டப் பேசாத, கத்திடுவேன்!” என்று உள்ளிருந்து பதில் வந்தது.

“சரி, சரி,” என்று இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கப் போனாள்.