மலையேற்றும் அடி

இந்த ஊரில் யாரும் சுட்டுவிரலை நீட்டி வழி காட்டுவதில்லை. நான்கு விரல்களையும் மடக்கி, கட்டைவிரலை மட்டும் மேலே வைத்து, தாம்பூலத் தட்டை நீட்டுவதுபோல் பணிவாக அந்தத் திசைக்கு நீட்டுவார்கள். மலாய்க்காரர்களிடமிருந்து எல்லாருக்கும் ஒட்டிக்கொண்ட மரியாதை. சுட்டுவிரலை நீட்டினால் திட்டின மாதிரி. இதையெல்லாம் எனக்கு யார் சொன்னார்கள்? வந்த புதிதில் கோலாலம்பூரின் கே.எல். சென்ட்ரல் ரயில் நிலையத்தில் ஒரு மலாய் அம்மாவிடம் பிரிக்ஃபீல்ட்ஸுக்கு எந்தப் பக்கம் போவது என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே கட்டைவிரலைக் காட்டினார். 'சூப்பர்' என்கிறார் போலிருக்கிறது என்று நானும் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டு அங்கேயே நின்றேன். அவர் மறுபடி காட்ட, நான் மறுபடி காட்ட, கடைசியில் அந்த அம்மா என் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் எஸ்கலேட்டரில் ஏற்றிவிட்டார். ஏழு வருஷமாகிவிட்டது. இப்போது நானும் கட்டைவிரலால்தான் காட்டுகிறேன். போன முறை சேலம் போயிருந்தபோது ஆட்டோக்காரருக்கு அப்படி வழி காட்டப்போய், "என்னக்கா, வண்டி நல்லாருக்குங்கிறீங்களா?" என்று அவர் பெருமைப்பட்டுக்கொண்டார்.

பெட்டாலிங் ஜெயாவில் ஒரு மென்பொருள் நிறுவனத்து வேலைக்கு வந்தவள் நான். ஆனால் சனி, ஞாயிறு பூராவும் நான் கிடந்தது செந்தூலில், பழைய அடுக்குமாடிக் கட்டடத்தின் ஏழாம் மாடியில், தேவனுடைய வாடகை வீட்டில். தேவன் கிள்ளானில் பிறந்தவன். கணக்கு டியூஷன் வாத்தியார், வாய் கொஞ்சம் அதிகம், தைப்பூசம் வந்தால் உருமி மேளக் குழுவோடு பத்துமலைக்கு அடித்துக்கொண்டே போகிறவன். பாடுகிறவள் ஷாமினி. ரயில்வே குமாஸ்தா வேலைக்காக யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம், மூன்று தலைமுறையாகப் பிரிக்ஃபீல்ட்ஸ். பகலில் வக்கீல் அலுவலகத்தில் வேலை பார்ப்பாள். மூன்றாவது ஆள் நான். சிந்தசைசரும் மடிக்கணினியும் என் பொறுப்பு. வீட்டில் அம்மாவிடம் 'எலக்ட்ரானிக் பாப்' என்று விளக்கிப் பார்த்தேன். "அதாவது கீபோர்டு வாசிக்கிற, கல்யாணத்துக்குப் போற, அவ்வளவுதானே?" என்று முடித்துவிட்டார். அவ்வளவேதான் என்று நானும் விட்டுவிட்டேன். எங்கள் குழுவுக்கு 'ஏழாம் மாடி' என்று பெயர் வைத்தோம். அவர்கள் இருவரும் எனக்கு 'சேலம்' என்று பெயர் வைத்தார்கள். சேலத்தில் என்னை மலேசியாக்காரி என்கிறார்கள். இங்கே நான் சேலம்.

"வெறும் கம்ப்யூட்டர வச்சு என்னா லா பண்ணுவே? கேக்குறவன் தூங்கிருவான்" என்று, இந்த ஊர் வழக்கப்படி பேச்சில் ஒரு 'லா'வைச் சேர்த்துச் சொல்லித்தான் தேவன் ஒரு நாள் உருமியை எடுத்தான். வளைந்த குச்சியால் தோலைத் தேய்த்தபோது அது ஓர் ஆள் தொண்டைக்குள் அழுவதுபோல் உறுமியது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அது அழைப்பு அடி என்றான், சாமியை வரவழைக்கிறது. அதைப் பதிவு செய்து, நடுவில் ஒரு துண்டை வெட்டி, திரும்பத் திரும்ப ஓடும் லூப்பாக்கி, அடியில் கனமான பேஸ் ஒலி சேர்த்தேன். மேலே ஷாமினி 'வந்து நில்லு' என்ற வரியை ரகசியம் சொல்வதுபோல் பாடினாள். அன்றைக்கே எங்களுக்குத் தெரிந்துவிட்டது, இதுதான் எங்கள் பாட்டு என்று. தேவன் மட்டும் ஒரு நிபந்தனை போட்டான். "மேடையில இத ஓட விட்டா, கடைசியில நான் கையால, சாமிய திருப்பி அனுப்புற மலையேத்துற அடி அடிச்சுத்தான் முடிப்பேன். ஒரு ஆள வூட்டுக்குக் கூப்ட்டுட்டு, வந்தப்புறம் கண்டுக்காம வுட்டா எப்படி லா?" எங்கள் பக்கமும் பண்டிகைக்குச் சாமி ஆடுவார்கள்தான். நான் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அறைக்குள்ளேயே இருந்த ரகம். சரி, பாட்டுக்கு நல்ல முடிவு கிடைத்தது என்று மட்டும் நினைத்துக்கொண்டேன். ஏழாம் மாடி ஜன்னலில் வெயில் நாளில் பத்துமலைக் குன்று தெரியும். ஒத்திகையில்கூட அவன் அந்தப் பக்கம் திரும்பி நின்றுதான் அந்த மெதுவான அடியை அடிப்பான். சாமி எந்தப் பக்கம் போகணுமோ அந்தப் பக்கம் பார்த்து அடிக்க வேண்டுமாம்.

எங்கள் இசை வாழ்க்கையைப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கல்யாண டின்னரில் கேக் வெட்டும்போது சத்தத்தைக் குறைக்கச் சொன்னார்கள். ஒரு பாரில் பழைய சினிமாப் பாட்டு வாசிக்கச் சொன்னார்கள். கேரி தீவில் ஒரு தோட்டத்துக் கோயில் திருவிழாவில்தான் முதன்முதலாக ஆட்கள் எங்களுக்காக நின்றார்கள். செம்பனைத் தோட்டத்து ஜனம் புழுதி கிளம்ப ஆடியது. யாரோ கைபேசியில் எடுத்துப் போட்ட அந்தக் காட்சி ஊரெல்லாம் சுற்றியது. நாசி லெமாக் சோற்றுக் கடையில், கிராப் வாடகைக் காரில், எங்கே போனாலும் எங்கள் பாட்டு. அந்தக் கொண்டாட்டத்தின் நடுவில் என் ஆபீஸில் எங்கள் பிரிவையே மூடப்போவதாகச் சொல்லிவிட்டார்கள். இங்கே வேலைக்கு வந்தவர்களுக்குத் தெரியும். இங்கே தங்குவதற்கான அனுமதி, அந்த 'பாஸ்', வேலையோடு கட்டப்பட்டது. வேலை போனால் பாஸ் போச்சு, பாஸ் போனால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். அப்போதுதான் ரவின் வந்தார். பெட்டாலிங் ஜெயாவில் ஓர் இசை நிறுவனத்துக்காகப் புதுக் குழுக்களைத் தேடிப் பிடிக்கிறவர். குழுவுக்கு ஒப்பந்தம், எனக்கு அவர்கள் ஸ்டூடியோவில் வேலை, அதோடு பாஸ். கிள்ளான் லிட்டில் இந்தியாவில் தீபாவளிச் சந்தை மேடையில் நாங்கள் வாசிப்பதை நேரில் பார்த்துவிட்டு முடிவு என்றார். ஒரே ஒரு திருத்தம் சொன்னார். "அந்த எண்டிங் ரொம்ப ஸ்லோ லா. கட் பண்ணிருங்க. லூப் போய்க்கிட்டே இருக்கட்டும், டக்குனு லைட் ஆஃப். ஃபினிஷ்."

தேவன் முடியாது என்றான். ஷாமினி அவனோடு சண்டைக்குப் போனாள். "ஒரு நாள் மட்டும், தேவன். சேலத்துக்கு பாஸ் இல்லாமப் போகும். யோசிச்சுப் பாருங்களேன்." அவன் என்னைப் பார்த்தான். நான் மடிக்கணினித் திரையைப் பார்த்துக்கொண்டேன். எனக்கு அந்த வேலை வேண்டும், இந்த ஊர் வேண்டும், இந்த இரண்டு பேரும் வேண்டும். இதில் என்ன வெட்கம்? கடைசியில் அவன் உருமியை உறையில் போட்டு ஜிப்பை இழுத்தான். "சேலத்துக்காக. ஒரு தடவதான்" என்றான். ஆனால் அன்று மாலை கிள்ளானுக்கு வரும்போது உருமியையும் தூக்கிக்கொண்டுதான் வந்தான்.

சந்தை நெரிசலில் முறுக்கு வாசனையும் ஊதுபத்திப் புகையும் சேர்ந்து மூச்சை அடைத்தன. எல்லாம் என் மடிக்கணினியிலிருந்துதான் ஓடியது. தாளம், பேஸ், மேடை விளக்குகள்கூட. பாட்டு பாதி தாண்டியிருக்கும். முன்வரிசையில், கழுத்தில் ஆபீஸ் அட்டை தொங்க, வேலை முடிந்து நேராக வந்த மாதிரி ஒரு பெண்மணி நின்றிருந்தார். அவர் தலை லேசாக ஆடத் தொடங்கியது. ரசிக்கிறார் என்று நினைத்தேன். பிறகு கொண்டை அவிழ்ந்தது. கையிலிருந்த பலகாரப் பை கீழே விழுந்து உருண்டது. அவருடைய கணவர் அவர் கைப்பையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு இரண்டு கையாலும் பிடிக்கப் பார்க்கிறார், முடியவில்லை. "நிப்பாட்டுங்க லா! இவளுக்கு உடம்பு தாங்காது!" என்று மேடையைப் பார்த்துக் கத்துகிறார். என் லூப் போய்க்கொண்டே இருக்கிறது. வா, வா, வா என்று கூப்பிடுகிறது. கோயிலில் ஆள் அடித்தால் ஆடுகிறவர் மூச்சைப் பார்த்து அடிப்பான், தணிப்பான். என் கணினிக்கு என்ன தெரியும்? அது அசராமல் அதே துண்டை அதே வேகத்தில் திரும்ப அடித்தது.

அந்த அம்மா கணவரின் கையை உதறிவிட்டு மேடையில் ஏறி வந்தார். தேவனைப் பார்க்கவில்லை, ஷாமினியைப் பார்க்கவில்லை. நேரே என் முன்னால் வந்து நின்று, நான்கு விரலையும் மடக்கி, கட்டைவிரலை என் முகத்துக்கு நேராக நீட்டினார். ஆமாம், இந்த ஊரில் சாமிகூட அப்படித்தான் காட்டுகிறது. அந்த நேரத்திலும் எனக்கு அது தோன்றியது, பாருங்கள்.

"கூப்ட்டது நீதானே?" குரல் அவருடையது மாதிரியே இல்லை. "வந்துட்டேன். எதுக்குக் கூப்ட்டே? சொல்லு!"

எதுக்குக் கூப்பிட்டேன்? பாட்டுக்கு நன்றாக இருந்தது, கூப்பிட்டேன். இதைப் போய் எப்படிச் சொல்வது? "சொல்லு!" என்று அவர் மேடைப் பலகையை ஓங்கி மிதித்தார். காலில் ரத்தம் கசிந்தது. அவர் தோளுக்குப் பின்னால் ரவின் தெரிந்தார். ஒரு கையில் கைபேசியால் படம் பிடித்துக்கொண்டே, இன்னொரு கையின் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். 'விடாதே, ஓட்டு' என்று அர்த்தம். இடப்பக்கம் உறையின் ஜிப் திறப்பது கண்ணில் பட்டது. தேவன் உருமியைத் தோளில் மாட்டிவிட்டான். அடிக்கவும் தொடங்கினான். ஆனால் என் லூப்பின் சத்தத்தில் அவன் அடி எடுபடவே இல்லை. "சேலம்!" என்று கத்தினான். "இது ஓடுற வரைக்கும் அது போகாது!"

ஒரு விசைதான். அதை அமுக்கினால் பாட்டு பாதியில் போச்சு, விளக்கு போச்சு, வேலை போச்சு. அந்த அம்மாவின் காலைப் பார்த்தேன். அமுக்கிவிட்டேன்.

மேடை இருட்டாகிவிட்டது. கடைகளின் வெளிச்சம் மட்டும். அந்த அமைதியில் உருமி தனியாகக் கேட்டது, மெதுவாக, குழந்தையைத் தட்டிக்கொடுப்பதுபோல். தேவன் சாலைக் கோடியில் கோயில் இருந்த பக்கம் திரும்பி நின்று அடித்தான். பூக்கடை அக்கா ஒருவர் விபூதியோடு ஓடிவந்தார். யாரோ சூடம் ஏற்றினார்கள். கூட்டத்தில் ஒருவர்கூடக் கலைந்து போகவில்லை; கைகூப்பிக்கொண்டு நின்றார்கள். அந்த அம்மா ஒரு பெருமூச்சு விட்டு, கணவர் மேல் சரிந்தார். கொஞ்ச நேரம் கழித்துத் தண்ணீர் கேட்டார். கைப்பையை வாங்கிக்கொண்டு, என்னைப் பார்த்துக் கூச்சத்தோடு, "சோரி மா, பாட்ட கெடுத்துட்டனா?" என்றார். என்னால் தாங்க முடியவில்லை. கீபோர்டுக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதேன்.

மறுநாள் ரவின் அழைத்தார். கோபம் எதுவுமில்லை, குரலில் தேன் வழிந்தது. விளக்கை அணைத்த இடத்தை வெட்டிவிட்டு, அந்த அம்மா ஆடும் காட்சியை எங்கள் பாட்டின் காணொளியாகப் போடலாம், நாங்கள் சம்மதித்தால் ஒப்பந்தம் தயார், என் வேலையும் தயார் என்றார்.

"அவங்க முகம் தெரியாம போடுவீங்களா?" என்று கேட்டேன்.

"முகம்தான் லா வேணும்!" என்று சிரித்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "வேணாம் சார்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். வைத்தபிறகு அரை மணி நேரம் அந்த ஆளை வாய்க்கு வந்தபடி சேலத்துத் தமிழில் திட்டினேன். ஷாமினி எதிரில் உட்கார்ந்து, புரியாத வார்த்தைகளுக்கு அர்த்தம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை எனக்கு விமானம். ஏழாம் மாடி உடையவில்லை. அவர்கள் இருவரும் தொடர்வார்கள், நான் அங்கிருந்து தாளங்களை அனுப்புவேன் என்று பேசிவைத்திருக்கிறோம். நடக்குமா என்று யாருக்குத் தெரியும்? நேற்று சாயங்காலம் செந்தூல் வீட்டில் என் ஒயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். ஜன்னலுக்கு வெளியே மழை மூட்டம், குன்று தெரியவில்லை. மனம் கேட்காமல் சொன்னேன், "தேவா, எனக்கும் அந்த அடிய அடிச்சு அனுப்பி வைடா. என்னையும் இந்த ஊருதானே கூப்பிட்டது."

கிண்டல் செய்வான் என்று நினைத்தேன். அவன் நிஜமாகவே உருமியை எடுத்துத் தோளில் மாட்டினான். குச்சியைத் தோலில் வைத்தான். அப்புறம் நின்றுவிட்டான்.

"எந்தப் பக்கம் பாத்து அடிக்கணும்?" என்றான். "காட்டு."

கையை நீட்டினேன். விரல்கள் நான்கும் தாமாகவே மடங்கிக்கொண்டன. கட்டைவிரல் மேலே நின்றது. அதை எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியாமல், அவன் குச்சியை மறுபடி உறையில் போடும் வரைக்கும் அப்படியே நீட்டிக்கொண்டு நின்றேன்.