கயிற்றைத் தாண்டிய மதலேனா

மதலேனா 1893 மே மாதம், தெமோதரைக்கு மேலேயிருந்த ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருப்பான மூன்றாம் லயத்தில் பிறந்தாள். பெற்றோர் இறந்தபின் அண்ணன் யேசுரத்தினம்தான் வளர்த்தான். அவள் சிரித்தால் அடுத்த மலைக்குக் கேட்கும்.

1912 பெப்ரவரியில் தோட்டத்தில் பெரியம்மை கண்டது. ஆற்றோரம் தகரக் கொட்டகை போட்டு, சுற்றிலும் கயிறு கட்டினார்கள். உள்ளே போன ஒன்பது பேரில் ஆறு பேர் திரும்பவில்லை. மருந்துச்சாலையில் எழுத்து வேலை பார்த்த நான்தான் அவர்கள் பெயர்களைப் பதிவேட்டில் எழுதினேன்.

பெப்ரவரி 19, திங்கட்கிழமை. காலையில் வேலைக்கு ஆள் எடுக்கும் பெரட்டில் பெயர் கூப்பிட்டபோது மதலேனா இல்லை.

"பசறைக்குப் போயிருக்கா ஐயா, சித்தி வீட்டுக்கு" என்றான் யேசுரத்தினம். அந்தக் குளிரிலும் அவனுக்கு வேர்த்திருந்தது.

பக்கத்து அறை மாரியாயி பத்து வயதிலிருந்து மதலேனாவோடு கொழுந்து பறித்தவள். சுவருக்கு அப்பால் முனகல் கேட்டும் இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் மருந்துச்சாலைக்கு ஓடி வந்தாள்.

"சாக்குக்குப் பின்னால ஒளிச்சு வச்சிருக்கான் ஐயா. தண்ணிகூட எறங்கல."

மதலேனாவைத் தூக்கிச் சென்றபோது யேசுரத்தினம் பின்னாலேயே கத்திக்கொண்டு வந்தான்: "ஒனக்குப் போயி மாரியாயின்னு பேரு வச்சாங்களேடி! நீயே குழியையும் வெட்டிரு!"

கொட்டகையில் பணிவிடை செய்தவன் முதல்நாள்தான் ஓடிப்போயிருந்தான். உறவினர் ஒருவர் உள்ளே போகலாம். ஆனால் நோயாளியின் கடைசிப் பொருக்கு உதிரும்வரை வெளியே வரமுடியாது. யேசுரத்தினம் கயிற்றைப் பிடித்தபடி நின்றான். வீட்டில் இரண்டு கைக்குழந்தைகள்.

"நான் போறேன்" என்றான் மத்தேயு. வேறு கங்காணியின் கீழ் வேலை செய்த ஆள். கிறிஸ்துமஸுக்கு மதலேனாவைப் பெண் கேட்டு வந்து, யேசுரத்தினத்திடம் ஏச்சு வாங்கிப் போனவன்.

"உறவு என்ன?" என்று கேட்டேன். பதிவேட்டில் அந்தக் கட்டத்தை வெறுமையாக விடமுடியாது.

கொட்டகைக்குள் இருமல் கேட்டது. யேசுரத்தினம் தரையைப் பார்த்தபடி சொன்னான்:

"எழுதுங்க ஐயா. என் மச்சான்."

மத்தேயு குனிந்து உள்ளே போனான். மாரியாயி தினமும் கஞ்சியைக் கல்லின்மேல் வைத்துவிட்டு, இருபது அடி பின்னால் போய்ப் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். பதில் வரும்வரை அங்கிருந்து நகரமாட்டாள்.

மார்ச் 18. பொருக்கெல்லாம் உதிர்ந்து, முகமெல்லாம் தழும்போடு மதலேனா கயிற்றடிக்கு வந்தாள். யேசுரத்தினம் புதுச் சேலையோடு நின்றான். அன்று விடியற்காலைதான் மத்தேயுவுக்குக் காய்ச்சல் கண்டிருந்தது.

"திரும்பிப் பாக்காத தங்கச்சி. வா வீட்டுக்கு."

"அவருக்குத் தண்ணி யாருண்ணே குடுப்பா?"

அவள் என் பக்கம் திரும்பினாள்.

"எழுதுங்க ஐயா. பொஞ்சாதி."

கோயிலில் இன்னும் கல்யாண ஓலைகூட வாசிக்கவில்லை. ஆனாலும் எழுதினேன். நான் பொய்யென்று அறிந்தே எழுதியவை அந்த இரண்டு உறவுகள்தான். அவள் மறுபடி கயிற்றைத் தாண்டி உள்ளே போனாள்.

"இன்னிக்கும் ரெண்டு பேருக்கா கொண்டாரணும்?" என்று கேட்டாள் மாரியாயி.

"ஆமாடி. உப்பாச்சும் போட்டுக் கொண்டா."

ஒன்பதாம் நாள் மாரியாயி கூப்பிட்டபோது பதிலே வரவில்லை. பத்தாம் நாளும் இல்லை. பதினொன்றாம் நாள் மதலேனா மட்டும், "இருக்காருடி" என்றாள்.

மத்தேயு பிழைத்தான், ஒரு கண் போயிற்று. ஜூன் மாதம் கல்யாணம். மச்சானுக்கு வேட்டி எடுத்துக் கொடுத்த யேசுரத்தினம், சாகும்வரை மாரியாயியோடு பேசவில்லை.