கப்பல்கள் நிற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்

வெள்ளிக்கிழமை மீன் குழம்பு கொதித்த வீடு குருவிநத்தத்தில் எங்கள் தெருவில் எங்களுடையது ஒன்றுதான். மற்ற வீடுகளில் அன்றைக்கு வாசல் கழுவி, விளக்குக்குப் பூ வைத்து, சாம்பாரும் பொரியலும். பூரணாங்குப்பத்திலிருந்து மொபெட்டில் மீன் கொண்டுவரும் அம்மாள் வெள்ளிக்கிழமைகளில் எங்கள் ஊருக்குள் வரவே மாட்டார். பாகூர் கடைத்தெருவில் பாய் வீடுகளோடு வியாபாரத்தை முடித்துக்கொண்டு திரும்பிவிடுவார். எனக்காக வண்டியை இந்தப் பக்கம் விடச் சொல்லி முதல் தடவை கேட்டபோது என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“இன்னாண்ணா, வெள்ளிக்கெழம அதுவுமா மீனு கேக்குற? வூட்ல திட்ட மாட்டாங்களா?”

“வூட்ல கேட்டுத்தாம்மா சொல்றேன்” என்றேன். அது பாதிப் பொய். கேட்டவள் வீட்டில் இல்லை, துபாயில் இருந்தாள்.

என் மனைவி அங்கே துறைமுகத்தை ஒட்டிய ஒரு சரக்கு அனுப்பும் கம்பெனியில் கப்பல் காகிதங்கள் பார்க்கிறாள். எந்தப் பெட்டி எந்தக் கப்பலில் ஏறியது, எந்த ஊரில் இறங்க வேண்டும், யார் பெயருக்குப் போகிறது என்று எல்லாவற்றையும் சரிபார்த்து அனுப்புவது அவள் வேலை. பி.காம். படித்தவள். என் அத்தை மகள். சொந்தத்தில் கட்டியவள் என்பதால் என்னை மாமா என்பாள், கோபம் வந்தாலும் வராவிட்டாலும் நீ என்றுதான் பேசுவாள். அவள் போய்ப் பத்து வருஷம் ஆகிறது. விமானம் ஏறும்போது எங்கள் மகளுக்கு நான்கு வயது.

அவள் போனதற்குக் காரணம் கரும்பு. எங்களுக்கு இரண்டு காணி நிலம். அதில் கரும்பைத் தவிர வேறொன்றும் நான் யோசித்ததில்லை. அந்த வருஷம் கரும்பு எடுபடவில்லை. ஏன் என்று விசாரித்தால், பிரேசிலில் அமோக விளைச்சல், உலகச் சந்தையில் சர்க்கரை விலை படுத்துவிட்டது என்றார்கள். பிரேசில் என்கிற நாடு என் கொல்லை வரப்பில் வந்து உட்கார்ந்திருப்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பந்து விளையாடுகிற ஊர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

“மூணு வருஷம் மாமா. கரும்ப அழிச்சிட்டு சவுக்கு போடு. நீ சவுக்கு வெட்டுறதுக்குள்ள வந்து நிக்கிறேன் பாரு” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சவுக்கு போட்டேன். மூன்றரை வருஷத்தில் வெட்டினேன். மறுபடியும் போட்டு மறுபடியும் வெட்டினேன். இப்போது நிற்பது மூன்றாவது சவுக்கு. அவள் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை முப்பது நாள் லீவில் வருவாள். முதல் வாரம் வீட்டுக்கு வந்த விருந்தாளியைப் போல எந்த டப்பாவில் உப்பு இருக்கிறது என்று கேட்பாள். கடைசி வாரம் பெட்டி கட்டுவாள். நடுவில் இருக்கும் இரண்டு வாரம்தான் எங்களுடையது. அந்த இரண்டு வாரத்திலும் நான் நாளை எண்ணிக்கொண்டே இருந்து பாழாக்கிவிடுவேன்.

போன புதிதில் அவளுக்கு வெள்ளிக்கிழமைதான் விடுமுறை. ஒரே அறையில் நான்கு பெண்கள். அவள் முறை வரும்போது அடுப்பைப் பிடித்து ஏதோ ஒன்றை வேகவைத்துக்கொள்வாள். அவளுக்கு உயிர் மீன் குழம்பு. அங்கே மீன் கிடைக்காமல் இல்லை, ஆனால் அது குழம்பாக வரவில்லையாம். “நீ வெய்யி மாமா, நான் பாக்குறேன்” என்றாள் ஒரு நாள். அப்படித்தான் வெள்ளிக்கிழமை மீன் எங்கள் வீட்டுக்குள் வந்தது. இங்கே ஒரு மணி, அங்கே பதினொன்றரை. அந்த நாட்டில் வாட்ஸ்அப்பில் முகம் பார்த்துப் பேச முடியாது என்பதால் வேறொரு ஆப்பை மகள் என் போனில் ஏற்றிக் கொடுத்தாள். போனைச் சொம்பில் சாய்த்து வைத்து மூவரும் உட்கார்ந்து சாப்பிடுவோம்.

“புளி பத்தல மாமா. நெறத்த பாத்தாலே தெரியுது” என்பாள், ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பாலிருந்து.

“வாயில வெக்காமலே ருசி சொல்றாடா சாமி” என்பேன் நான். மகள் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிடுவாள். பக்கத்து வீட்டில் இருக்கும் என் அண்ணி மட்டும் மதில் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, வெள்ளிக்கிழமையில் இந்த வீட்டுக்கு இப்படியொரு கேடா என்று மகாலட்சுமிக்குக் கேட்கும்படி புலம்புவார். நான் காதில் வாங்கிக்கொண்டதில்லை. ஏழு நாளில் அந்த ஒரு மணி நேரத்துக்குத்தான் என் வீடு வீடாக இருந்தது.

அவள் நன்றாக இருக்கிறாளா என்று தெரிந்துகொள்ள உலகம் நன்றாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது. கச்சா எண்ணெய் ஏறினால் அந்தப் பக்கம் கட்டடம் எழும்பும், சரக்கு குவியும். இறங்கினால் ஆள் குறைப்பார்கள். சீனாவில் தொழிற்சாலை இருமினால் அவள் மேஜையில் காகிதம் குறையும். அமெரிக்காக்காரன் வரியை ஏற்றினால் கப்பல் வேறு துறைமுகம் தேடும். காலையில் பாகூருக்குப் போய் பாய் டீக்கடையில் எல்லாப் பேப்பரையும் படித்துவிட்டுத்தான் கொல்லைக்குத் திரும்புவேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நான் நுழைந்ததுமே பாய் ஆரம்பிப்பார்.

“வெளியுறவு மந்திரி வந்துட்டாரு, பெஞ்சிய தொடைங்கப்பா. இன்னா மந்திரி, இன்னிக்கி பேரல் எவ்ளோ?”

எனக்கும் உள்ளூரப் பெருமைதான். பக்கத்துத் தெருவில் பிரான்சு பென்ஷன் வாங்குகிற பெரியவர், யூரோ ஏறுமா இறங்குமா என்று என்னைத்தான் கேட்பார். நானும் ஏதோ அதைக் கையில் வைத்திருப்பவன் மாதிரி சொல்வேன்.

ஆனால் நான் பேப்பர் படித்த விதத்தை அவர்கள் யாருக்கும் சொன்னதில்லை. எண்ணெய் விலை ஏறினால் எனக்கு முகம் வாடிவிடும். இறங்கினால் மனம் லேசாகும், ஒரு டீ சேர்த்துக் குடிப்பேன். மந்தநிலை என்ற சொல்லைப் பார்த்தால் நல்ல சேதி வந்த மாதிரி இருக்கும். உலகத்துக்குக் கெட்டது நடந்தால் அவளுக்கு வேலை போகும், வேலை போனால் வீட்டுக்கு வருவாள். இவ்வளவுதான் என் உலகப் பொருளாதாரம். கேவலமான ஆசை என்று எனக்கே தெரியும். தெரிந்தும் விடவில்லை.

தொற்றுக் காலத்தில் நிஜமாகவே உலகம் நின்றுபோனது. பயந்துவிட்டேன், என் வேண்டுதல்தான் பலித்துவிட்டதோ என்று. ஆனால் விமானமும் சேர்ந்தே நின்றது. நான்கு பெண்களும் ஒரே அறையில் அடைந்து கிடந்தார்கள். விமானம் மறுபடி பறந்தபோது, இப்போது கிளம்பினால் திரும்ப எடுக்க மாட்டார்கள் என்று அவள் அங்கேயே இருந்துவிட்டாள்.

பிறகு ஒரு வருஷம் அந்த நாடு வார விடுமுறையை மாற்றியது. வெள்ளி அரை நாள், சனியும் ஞாயிறும் முழு விடுமுறை. உலகச் சந்தைகள் திறந்திருக்கும் நாளில் தாங்கள் மூடிக் கிடந்தால் வியாபாரம் கெடும் என்பதுதான் காரணம் என்று மகளுக்கு நான் விளக்கிச் சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான் என் அடுப்பங்கரைக்கு அதில் என்ன சம்பந்தம் என்பது உறைத்தது. இனி எங்கள் மீன் குழம்பு ஞாயிற்றுக்கிழமை. ஊரே கறியும் மீனுமாய் மணக்கிற நாள். அண்ணிக்கு ஏக சந்தோஷம். எனக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. வெள்ளிக்கிழமை எங்கள் மூன்று பேருக்கு மட்டுமாக இருந்தது. அதையும் உலகச் சந்தை எடுத்துக்கொண்டுவிட்டதே என்று இருந்தது.

அதற்கப்புறம்தான் செங்கடல் விவகாரம் வந்தது. கப்பல்களைத் தாக்குகிறார்கள், பெரிய கம்பெனிகள் எல்லாம் கால்வாய் வழியை விட்டுவிட்டு ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போகின்றன என்று பேப்பரில் போட்டிருந்தான். பாய் கடையில் படித்தவன் டீயை அப்படியே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். மகளின் அட்லஸை விரித்து, ஒரு நூலை எடுத்து அளந்து பார்த்தேன். நன்னம்பிக்கை முனையைச் சுற்றினால் நூல் எவ்வளவு நீளம் கூடுகிறது! இவ்வளவு சுற்றினால் எவன் சரக்கு அனுப்புவான்? சரக்கு இல்லாவிட்டால் காகிதம் எதற்கு? காகிதம் இல்லாவிட்டால் அவள் எதற்கு? லோடு குறைந்தால் முதலில் எங்களைத்தான் அனுப்புவார்கள் என்று அவளே ஒரு முறை சொல்லியிருந்தாள்.

அன்று சாயங்காலமே பாகூர் சிவன் கோயிலுக்குப் போய் நின்றேன். ஒரு கப்பலும் அந்தக் கால்வாய்ப் பக்கம் திரும்பக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். கப்பலில் இருப்பவர்களுக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்றும் சேர்த்துத்தான் வேண்டினேன். ஆனால் முதலில் வேண்டியது அதை அல்ல.

அதோடு நின்றிருக்கலாம். மகளிடம் வேறு சொல்லிவிட்டேன். “அம்மா பொங்கலுக்குள்ள ஒரேயடியா வந்துடும் பாரு” என்றேன். அவளுக்கு அப்போது பதின்மூன்று வயது. எதையும் எளிதில் நம்பாத வயது. என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள்.

“யாருப்பா சொன்னா? அம்மாவா?”

“அப்பா சொல்றேன் இல்ல? ஒலகமே சொல்லுது. பேப்பர பாரு.”

நம்பிவிட்டாள். மறுநாளே வகுப்பில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறாள். இதுவரை பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் என்றால் நான்தான் போய் அம்மாக்கள் வரிசையில் ஓரமாக உட்கார்ந்துவிட்டு வருவேன். அடுத்த கூட்டத்துக்கு அம்மா வருவார் என்று டீச்சரிடமும் சொல்லிவிட்டாளாம். தன் அலமாரியில் ஒரு தட்டைக் காலி செய்து வைத்தாள். நான் சுவருக்கு வெள்ளையடித்தேன். மனைவியிடம் மட்டும் ஒரு வார்த்தை மூச்சு விடவில்லை. அவளாக வாயைத் திறந்து வருகிறேன் என்று சொல்லட்டும் என்று காத்திருந்தேன்.

இரண்டு ஞாயிறு அவள் அதிகம் பேசவில்லை. வேலை, வேலை என்றாள். எனக்கு உள்ளே குளிர்ந்தது. கடைசிக் கணக்குவழக்கு முடிக்கிறார்கள் போல என்று நினைத்துக்கொண்டேன். மூன்றாவது ஞாயிறு முகமெல்லாம் பூரிப்பாக வந்தாள்.

“மாமா, ஒனக்கு ஒரு சேதி. கப்பலு எல்லாம் சுத்திக்கிட்டு போவுது இல்ல, அதனால சீனா சரக்கு பூரா இங்க கப்பல்ல வந்து எறங்கி, இங்கேந்து பிளைட்ல ஐரோப்பா போவுது. எங்க செக்ஷன்ல வேல டபுள் ஆயிடிச்சி. என்னை சூப்பர்வைசர் ஆக்கிட்டாங்க மாமா! ஆறு பேரு எனுக்கு கீழ.”

அட்லஸில் நான் கடலை மட்டும்தான் அளந்திருந்தேன். வானத்தை அளக்கத் தோன்றவில்லை.

மகள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். நல்ல சேதிதானே, சிரியேன் என்று அவள் அங்கிருந்து கேட்டாள். எனக்கு அவளுடைய சந்தோஷத்தைப் பார்க்கப் பார்க்கத் தாங்கவில்லை. இப்படி முகம் மலர்ந்து அவளைப் பார்த்து எத்தனையோ நாள் ஆகியிருந்தது. அந்த வேலை கெட்டுப்போக வேண்டும் என்று சாமியிடம் நின்றவன் நான். வாய் தானாகத் திறந்துகொண்டது. கோயிலுக்குப் போனது, நூல் வைத்து அளந்தது, மகளிடம் சொன்னது, எண்ணெய் விலை இறங்கினால் ஒரு டீ சேர்த்துக் குடித்தது வரை எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் ஒரு கேள்விதான் கேட்டாள்.

“கப்பலு நிக்கணும், கம்பெனி மூடணும்னு எல்லாம் வேண்டிக்கிட்ட. என்னை ஒரு வாட்டி வான்னு கூப்ட்டியா மாமா? ஒம்போது வருஷத்துல ஒரே ஒரு வாட்டி?”

யோசித்துப் பார்த்தேன். லீவு எப்போது என்று கேட்டிருக்கிறேன். டிக்கெட் போட்டாயா என்று கேட்டிருக்கிறேன். சாப்பிட்டாயா, தூங்கினாயா, வெயில் எப்படி என்று ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன். வா என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. கரும்பைக் கோட்டை விட்டு அவளை விமானம் ஏற்றியவன் நான். எந்த முகத்தோடு கூப்பிடுவது? அதனால்தான் பிரேசிலும் சீனாவும் அரபு நாடும் எனக்குப் பதிலாக அவளைக் கூப்பிடட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.

“நீ கூப்புடல. சரி, இங்க இருக்குறதுதான் மாமாவுக்கு நல்லது போலன்னு நானும் இருந்துட்டேன்” என்றாள்.

“இப்ப கூப்புடுறேன்டி” என்றேன். போன் பக்கம் குனிந்து மறுபடி சொன்னேன். “எல்லாத்தையும் வுட்டுட்டு வந்துடு. வா.”

திரையில் அவள் முகம் நகர்ந்து வெறும் சுவர் தெரிந்தது. மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. மகள் போனைச் சொம்பிலிருந்து எடுத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, “ம்மா, ம்மா” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து அவள் முகம் திரும்ப வந்தது.

“ரெண்டு வருஷம் காண்ட்ராக்ட் மாமா. முந்தா நாளுதான் கையெழுத்து போட்டேன். போன ஞாயித்துக்கெழம இந்த வார்த்தைய சொல்லியிருந்தன்னா போட்டே இருக்க மாட்டேன்.”