பனியா, பஞ்சா?

மெர்வி ஒரு சந்தேகப் பிராணி. எங்கள் ஊர்ப் பேருந்தை ஓட்டுகிறவள். பயணச்சீட்டை மேலும் கீழும் பார்த்துவிட்டுத்தான் ஆளை ஏற்றுவாள். பக்கத்து வீட்டுக்காரியான நான் கைமாற்றாக வாங்கிய சர்க்கரையைத் திருப்பிக் கொடுத்தால், நாக்கில் வைத்துப் பார்த்த பிறகே உள்ளே எடுத்துப்போவாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்தக் குளிர்காலத்தில் பெற்ற மகளையே சந்தேகப்பட்டாள். எட்டு வயது எல்லி, படுத்தால் முதுகு வலிக்கிறது என்று உட்கார்ந்தபடியே தூங்கினாள். பள்ளியில் பனிச்சறுக்கும்போது இடது கால் இழுத்து, விழுந்து விழுந்து எழுந்தாள்.

"ஃபின்லாந்துல பொறந்துட்டு சறுக்க வராதாம். எல்லாம் நடிப்பு," என்றாள் மெர்வி. சுகாதார நிலைய மருத்துவரும், வளரும் வயதில் வருகிற வலி என்று அனுப்பிவிட்டார்.

ஒரு சனிக்கிழமை நாங்கள் மூவரும் சௌனா என்னும் வெந்நீராவி அறையில் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். எல்லியின் வலது கால் அடுப்பைச் சுற்றியிருந்த கம்பியில் பட்டுச் சிவந்துகொண்டிருந்தது. அவள் பாட்டுக்குக் கதை பேசிக்கொண்டிருந்தாள். நான்தான் காலை இழுத்துவிட்டேன்.

"சுடலையாடி?"

"எது?"

மெர்வி வெளியே போய் ஒரு கை பனியை அள்ளி வந்தாள். "கண்ணை மூடு. கால்ல என்ன வச்சிருக்கேன்?"

"பஞ்சு," என்றாள் எல்லி.

மெர்வியின் முகம் வெளுத்தது. "இழுக்கிறது இடது கால், சூடு, குளிர் தெரியாதது வலது கால். பொய் சொல்றவ ஒரே காலைத்தானே சொல்லுவா," என்று முணுமுணுத்தாள்.

திங்கட்கிழமை காபிக் குடுவையில் பனியை அடைத்துக்கொண்டு அதே மருத்துவரிடம் போனாள். "வளர்ற வலின்னு மறுபடி சொல்லாதீங்க டாக்டர். நீங்களே வச்சுப் பாருங்க."

வைத்துப் பார்த்தவர் உடனே தொலைபேசியை எடுத்தார். பெரிய மருத்துவமனையில் படம் எடுத்தபோது தண்டுவடத்துக்குள்ளே கட்டி. இன்னும் தள்ளிப்போட்டிருந்தால் நடையே போயிருக்கும் என்றார்கள். அறுத்து எடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்த எல்லி தடி ஊன்றி நடந்தாள். வலது காலில் சூடு, குளிர் உணர்வு திரும்புமா என்று யாரும் உறுதி சொல்லவில்லை. சனிக்கிழமைதோறும் மெர்வி சோதித்தாள். வெளியே பனி உருகிய பின் உறைபெட்டியைச் சுரண்டி எடுத்து வந்தாள். பதில் என்னவோ பஞ்சுதான்.

கோடையில் ஒருநாள், "ஸ்ஸ், சில்லுனு இருக்கும்மா," என்றாள் எல்லி.

மெர்வி நம்புவாளா? "அம்மா மனசு நோகக்கூடாதுன்னு சொல்றே. இல்லேன்னா எட்டிப் பார்த்துட்டே." துண்டால் மகளின் கண்ணைக் கட்டினாள். எனக்கு வாயைப் பொத்திக் காட்டிவிட்டு, இந்த முறை நிஜப் பஞ்சையே வைத்தாள்.

"இது பஞ்சு. போதுமா?" என்றாள் எல்லி.

மெர்வி அதன் பிறகும் வெகுநேரம் கண்கட்டை அவிழ்க்கவில்லை. தான் அழுவதைப் பிள்ளை பார்த்துவிடக் கூடாதாம்.