மூன்றாவது படிகம்

ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு வைத்த பெயர் 'எதுக்கும்'. எதுக்கும் வால்வை ஒருதடவை பார்த்துடலாம், எதுக்கும் கையுறையை மாத்திடலாம் என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தால் வேறென்ன பெயர் வைப்பார்கள்? வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனைவரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ரகம். பயம் அவளோடு கூடப் பிறந்தது. கணவன் பிற்பாடு வந்து சேர்ந்தவன்தான்.

அந்தக் கணவனின் தம்பிக்குப் படிகம் வளர்க்கிற தொழில். உலையின் சூட்டை மாதக்கணக்கில் இம்மி இம்மியாகக் குறைத்து, ஒரு புதுக் குறைகடத்தியை வளர்த்தெடுத்திருந்தான். கறுப்பாக, அரிசியைவிடச் சற்றே பெரிதாக, மூன்றே துண்டு. அதை அளந்து கொடுத்தால்தான் அவனுடைய ஆய்வேடு முடியும். உலையோ அதன் பிறகு விரிசல் விட்டு மூலையில் கிடக்கிறது.

அளப்பது அண்ணியின் வேலை. குறைகடத்திக்குள் எலக்ட்ரான்கள் குடியிருக்கிற லட்சணம் இது: கீழ்மாடியில் நெரிசல், மேல்மாடி காலி, நடுவில் படிக்கட்டே கிடையாது. எக்ஸ் கதிரைப் பாய்ச்சினால் கீழ்மாடிக்காரர்கள் வெளியே தெறித்து ஓடுவார்கள். யார் எந்தத் திசையில், என்ன வேகத்தில் ஓடினார்கள் என்று கணக்கெடுத்து அந்த மாடியின் வரைபடத்தைப் போட்டுவிடலாம். ஆனால் மேல்தோலில் இருப்பவர்கள்தான் தப்பி வருவார்கள். தோலில் காற்றுப் பட்டால் அழுக்கு. ஆகவே படிகத்தின் தலையில் ஒரு சின்னக் குச்சியைப் பசை போட்டு ஒட்டி, வெற்றிட அறைக்குள் அனுப்பி, அங்கே அந்தக் குச்சியைத் தட்ட வேண்டும். மேல் ஏடு பிய்ந்துகொண்டு போய்ப் புது முகம் தெரியும். தெரிய வேண்டும்.

முதல் துண்டுக்குப் பசை போதவில்லை. குச்சி சரிந்து படிகத்தை நொறுக்கியது. இரண்டாவதற்கு, பயந்துபோய், பசையைத் தாராளமாக அப்பினாள். அது பக்கவாட்டில் வழிந்து அடிவரை பிடித்துக்கொள்ள, தட்டியதும் முழுப் படிகமும் வேரோடு பெயர்ந்து அறையின் அடியில் எங்கோ போய் விழுந்தது. அன்று சாப்பாட்டு மேசையில் விஷயத்தைச் சொன்னபோது கொழுந்தன் தட்டைப் பார்த்தபடி, "பரவாயில்ல அண்ணி" என்றான். திட்டியிருந்தால் தூங்கியிருப்பாள்.

இன்று மூன்றாவது. பசையைக் குண்டூசி முனையால் வைத்தாள். எதுக்கும் பூதக்கண்ணாடியில் பார்த்தாள். பார்த்ததையே திரும்பப் பார்த்தாள். தட்டும் நேரம் வந்ததும் ஆய்வுக்கூடத்தில் இருந்த முனைவர்களுக்கெல்லாம் திடீரென்று வேலை முளைத்தது. ஒருவருக்குப் போன் வந்தது, இன்னொருவருக்குப் பம்பின் சத்தத்தில் சந்தேகம் வந்தது. கூடத்தின் தலைவர் மட்டும் நின்றார். "நீங்களே தட்டிடுங்கம்மா. உங்க கை ராசியான கை" என்றார், கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு.

வட்டக் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டு நீளக் கம்பியைத் தள்ளினாள். தட்டினாள். குச்சி அசையவில்லை. மறுபடி தட்டினாள். கல்லுப்பிள்ளையார் மாதிரி நின்றது. இதிலும் பசை வழிந்திருக்குமோ? இன்னும் ஓங்கித் தட்டினால் மொத்தமும் போகும். தட்டாமல் விட்டாலும் போனதுதான். அன்று சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்த கொழுந்தனின் முகம் கண்ணாடியில் தெரிவது போலிருந்தது. கண்ணை மூடாமல் ஓங்கினாள்.

குச்சியைக் காணோம். இருந்த இடத்தில் கண்ணாடிபோல ஒரு பளபளப்பு.

கதிரைத் திறந்தார்கள். திரையில் புள்ளி புள்ளியாகச் சேர்ந்து ஒரு குன்று எழுந்தது. அதன் உச்சிதான் கீழ்மாடியின் கூரை. போன் பேசப் போனவரும் பம்பைப் பார்க்கப் போனவரும் வந்து, தாங்களே தட்டியதுபோல நின்றார்கள்.

அவள் கொழுந்தனைப் போனில் கூப்பிட்டாள். "வந்துடுச்சுப்பா."

அந்தப் பக்கம் அவன் "அப்பாடா" என்றான். பிறகு, "அண்ணி, கோவிச்சுக்காதீங்க. நாலாவதா ஒரு துண்டு இருக்கு. பயந்துபோய் ஒளிச்சு வெச்சுட்டேன்."

"யாருக்குப் பயந்து?"

"உங்க கைக்குத்தான்."

கோபம் வர வேண்டிய இடம். வருவதற்குள் பக்கத்தில் ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்த தலைவரின் முகம் மலர்ந்தது.

"இன்னொண்ணு இருக்கா? அப்போ எதுக்கும் அதையும் ஒரு தட்டு தட்டிடுங்களேன்" என்றார்.