ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம்

எங்கள் ஊரில் செத்தவர்களுக்கு மறுபிறவி கிடையாது என்பார்கள். விருத்தாசலத்தின் எல்லைக்குள் உயிர் பிரிந்தால் சாமியே தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு காதில் மந்திரம் சொல்லுவாராம். அம்மன் பக்கத்தில் உட்கார்ந்து முந்தானையால் விசிறுவாளாம். எரித்த எலும்பை மணிமுத்தாற்றில் போட்டால் கரையாமல் கல்லாகிவிடுமாம். சின்ன வயதில் இதைக் கேட்க எனக்குப் பிடித்திருந்தது. முக்கியமாக அந்த விசிறுவது. பெரியப்பா வீட்டு முன்னறையைப் பார்த்த பிறகு அந்தப் பிடித்தம் போய்விட்டது.

பெரியப்பா என் அப்பாவின் அண்ணன். அவர் வீடு கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில். கம்மாபுரம் பக்கம், ஸ்ரீமுஷ்ணம் பக்கம் இருந்த எங்கள் உறவுக்காரர்கள், வீட்டில் யாருக்காவது இழுத்துக்கொண்டிருந்தால் வண்டி பிடித்து அவர் வீட்டில் கொண்டுவந்து போடுவார்கள். முன்னறையில் அதற்கென்றே ஒரு கயிற்றுக் கட்டில் இருந்தது. மூத்திர வாடை, விபூதி, புளித்த பால் எல்லாம் சேர்ந்த ஒரு நாற்றம் அந்தச் சுவரிலேயே ஊறியிருந்தது. பெரியப்பா வெற்றிலையை மென்றுகொண்டே போர்வையைத் தூக்கி, படுத்திருப்பவரின் காலைத் தொட்டுப் பார்ப்பார். "முட்டி வரைக்கும் சில்லுன்னு ஏறிடுச்சு. சாயங்காலம் தாண்டாது" என்பார். படுத்திருப்பவருக்குக் காது கேட்கும் என்று அந்த வீட்டில் யாரும் நினைத்ததாகத் தெரியவில்லை.

ஒரு முறை தூரத்து அத்தை ஒருத்தியைக் கொண்டுவந்தார்கள். அவள் பதினோராம் நாள் எழுந்து உட்கார்ந்து, "கருவாட்டுக் கொழம்பு இருக்குதா?" என்று கேட்டாள். நான் அன்றைக்கு அங்கே இருந்தேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பெரியப்பா முகம் தொங்கிப்போனது. "இவ்ளோ தூரம் வந்து வீணாப் பூட்டுதே" என்று அவள் மகனிடம் சொன்னார். மகனும் தலை குனிந்து நின்றான், தப்புச் செய்தவன் மாதிரி.

எண்பதுகளின் கடைசியில் அப்பா படுத்தார். பீங்கான் குழாய் செய்யும் யூனிட்டில் சூளை வேலை பார்த்தவர், நுரையீரல் கெட்டுப்போயிருந்தது. புதுச்சேரி ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். நான் வேலை பார்த்த பீங்கான் பொம்மை யூனிட்டில் லீவு சொல்லிவிட்டு அப்பாவோடு இருந்தேன். இனி செய்வதற்கு ஒன்றுமில்லை, வலி தெரியாமல் பார்த்துக்கொள்கிறோம் என்று டாக்டர் சொன்னதும் பெரியப்பா கிளம்பி வந்துவிட்டார்.

"ஊருக்குள்ள கொண்டுபோயிடணும். எங்க தம்பி அனாதியா இங்க சாவக்கூடாது" என்றார். அம்மாவைக் காலைப் பஸ்ஸிலேயே அனுப்பிவிட்டார். "நீ முன்னால போயி வூட்டக் கழுவி வையி. நாங்க வண்டியில வந்துடறோம்."

அவர் வேன் பேசப் போன நேரத்தில் அப்பா என்னைக் கிட்டே கூப்பிட்டார். மூக்கில் குழாய் இருந்ததால் விட்டுவிட்டுத்தான் பேசினார். "அண்ணங்கிட்ட சொல்லு. என்ன இங்கியே வுட்டுடட்டும். இங்க ஃபேன் இருக்குது."

நான் சொல்லவில்லை. எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. பஸ்ஸில் இறங்க வேண்டிய இடத்தில் நிறுத்தச் சொல்லக்கூடக் குரல் எழும்பாது. அடுத்த ஸ்டாப்பில் இறங்கி நடந்து வருகிறவள் நான். பெரியப்பா திரும்பி வந்தார். குழாயை எடுத்தார்கள். தூக்கிக்கொண்டு போனார்கள்.

வேன்காரர் மங்கலம்பேட்டைக்காரர். சவுதியில் ஓட்டிவிட்டு வந்தவராம். நல்லபடியாகத்தான் ஓட்டினார். அப்பாவின் தலை என் மடியில். நெய்வேலி தாண்டியும் என் விரலைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஊருக்கு வெளியே ரயில்வே கேட் மூடியிருந்தது. சித்திரை வெயில். நிலக்கரி ஏற்றிய கூட்ஸ் ஒன்று முன்னும் பின்னும் நகர்ந்துகொண்டிருந்தது, போகவுமில்லை, நிற்கவுமில்லை. டீக்கடை ஒன்று, ஒரு புங்க மரம். அந்த மரத்துக்கு நேராக எங்கள் வண்டி நின்றது. அங்கேதான் அப்பாவின் பிடி விட்டது. வாய் ஒரு முறை திறந்தது. அவ்வளவுதான்.

வேன்காரர் திரும்பிப் பார்த்துவிட்டு, "அண்ணே, முடிஞ்சிருச்சு போல" என்று மெதுவாகச் சொல்லி, தனக்குள் ஏதோ ஓதினார்.

பெரியப்பா அப்பாவின் மூக்கில் கை வைத்தார். பிறகு கேட்டைப் பார்த்தார். "முடியல. இருக்குது. நீ பேசாத பாய், தொறந்ததும் வண்டிய எடு."

"உசுரு போறதுக்குக் கேட்டு தொறக்கணுமாண்ணே?"

"உன் வேலையப் பாரு" என்றார் பெரியப்பா. என் பக்கம் திரும்பி, "நீயும் வாயத் தொறந்த, தெரியும் சேதி. உங்கப்பன் மோட்சத்துக்குப் போவணுமா வாணாமா?" என்றார். அப்பாவின் தாடையைக் கையால் அமுக்கி மூடினார். அது மறுபடி திறந்துகொண்டது. மறுபடி அமுக்கினார். கேட் திறக்கும்வரை அமுக்கிக்கொண்டே இருந்தார். அவர் விரலிலிருந்த வெற்றிலைச் சாறு அப்பாவின் தாடி மயிரில் ஒட்டியிருந்தது.

எங்கள் வீட்டு வாசலில் தெரு கூடியிருந்தது. அம்மா தலைக்கு ஊற்றிக்கொண்டு ஈரத் தலையோடு நின்றாள். "சீக்கிரம், சீக்கிரம், இன்னும் இருக்குது, பால ஊத்து" என்று கத்தினார் பெரியப்பா. அம்மா ஓடிவந்து கரண்டியால் பாலை ஊற்றினாள். அது உள்ளே போகவில்லை. கடைவாய் வழியாக ஒழுகிக் கன்னத்தில் இறங்கிக் காதுக்குள் போய்த் தேங்கியது. சாமி மந்திரம் சொல்லுகிற காது. அதில் ஒரு ஈ வந்து உட்கார்ந்தது.

"விசிறும்மா, முந்தானியால விசிறு" என்றார்.

அம்மா விசிறினாள். செத்து ஒரு மணி நேரம் ஆன உடம்பைப் பார்த்து, "பயப்படாதீங்க, நம்ம ஊருக்கு வந்துட்டீங்க, பயப்படாதீங்க" என்று சொல்லிச் சொல்லி விசிறினாள். நான் பின்கட்டுக்கு ஓடிப்போய் வாந்தி எடுத்தேன். வாயைக் கழுவிக்கொண்டு வரும்போது பெரியப்பா கைகூப்பிக் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "போயிட்டான். கண்ணு மூடறத நான் பாத்தேன்." கூட்டத்தில் யாரோ, "குடுத்து வச்சவரு" என்றார்கள்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு ஆற்றுக்குப் போனோம். எலும்பை முதலிலேயே கரைத்திருந்தோம். கணுக்கால் அளவுதான் தண்ணீர். அம்மா அந்த இடத்திலேயே குனிந்து மணலைத் துழாவிக்கொண்டிருந்தாள். வெள்ளையாக, விரல் நீளத்துக்கு ஒன்றை எடுத்தாள். கொஞ்சம் மடங்கி, ஒரு முனை தடித்து இருந்தது.

பெரியப்பா வாங்கிப் பார்த்துவிட்டு, "முழங்கை" என்றார். "கல்லாயிட்டான் பாத்தியா? எல்லாருக்கும் கெடைக்காது."

நான் பார்த்தேன். அது குதிரையின் முன்னங்கால். எங்கள் யூனிட்டில் அந்த வருடம் முழுக்கக் குதிரை பொம்மைதான் ஓடியது. மண்குழம்பை அச்சில் ஊற்றி எடுத்த பிறகு ஓரத்துப் பிசிறைக் கத்தியால் சீவி, ஈர ஸ்பாஞ்சால் துடைப்பது என் வேலை. முட்டிக்கு மேலே கத்தி சீவிய தடம் தெரிந்தது. முதல் சூட்டில் வெந்து, மெருகு போடுவதற்கு முன் உடைந்தது. யூனிட்காரர்கள் உடைசலை வண்டியில் கொண்டுவந்து ஆற்றங்கரையில்தான் கொட்டுவார்கள். ஊரில் எல்லாருக்கும் தெரியும். அன்றைக்கு ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. எல்லாரும் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். என்னிடமும் நீட்டினார்கள். நானும் ஒற்றிக்கொண்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என் கண்ணைக் கழுவ வேண்டும் போலிருக்கிறது.

அம்மா அதைச் சாமி மாடத்தில் வைத்தாள். தினமும் ஒரு பூ. எனக்குக் கல்யாணமாகி அடுத்த தெருவுக்குப் போன பிறகும், வரும்போதெல்லாம் அந்தக் குதிரைக் கால் மஞ்சள் குங்குமத்தோடு என்னைப் பார்க்கும். அம்மா நிம்மதியாகத் தூங்கினாள், சாப்பிட்டாள். அதனால் நான் வாயைத் திறக்கவில்லை. பெரியப்பாவின் முன்னறைக்கு முன்னைவிட அதிகம் பேர் வந்தார்கள். தம்பியைக் கடைசி நிமிடத்தில் எல்லைக்குள் சேர்த்த கதையை அவர் ஒவ்வொருவரிடமும் சொன்னார். சொல்லச் சொல்ல அதில் அப்பா "சிவசிவ" என்று கூடச் சொல்ல ஆரம்பித்தார்.

நாலைந்து வருடம் கழித்து அம்மாவின் மார்பில் கட்டி வந்தது. உள்ளூர் டாக்டரம்மா தடவிப் பார்த்துவிட்டு, "உடனே புதுச்சேரிக்குப் போங்க. எடுத்துட்டா பொழச்சிக்கலாம். தள்ளிப் போடாதீங்க" என்றார்.

"நான் கேட்டத் தாண்ட மாட்டேன்" என்றாள் அம்மா. "அங்க போயி ஆப்ரேசன்ல பூட்டன்னா? உங்கப்பா எப்பிடித் தப்பிச்சு வந்து சேந்தாரு. எல்லாருக்கும் அப்பிடி வாய்க்குமா? அவரு போன எடத்துக்கே நானும் போயிடறேன்."

பெரியப்பா கேள்விப்பட்டு வந்தார். "சரியாத்தான் சொல்லுது. கத்தி வச்சா பரவிடும். முன்ரூம்பு காலியாத்தான் இருக்குது, எப்ப வேணா வரட்டும்" என்றார். விருந்துக்குக் கூப்பிடுகிற முகத்தோடு சொன்னார். அவர் பார்வை ஒரு நொடி அம்மாவின் காலுக்குப் போனது. முட்டி வரைக்கும்.

இரண்டு வாரம் கெஞ்சினேன். கட்டி பெரிதானது. ஒரு மத்தியானம் அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தபோது சுவரைப் பார்த்துக்கொண்டு சொல்லிவிட்டேன். முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

"அப்பா இங்க வந்து சாவல. கேட்டுகிட்டியே பூட்டாரு. என் மடியிலதான்."

முறம் நின்றது.

"நான் விசிறனனே?"

"அப்ப அவரு இல்லம்மா."

"அப்ப இந்தக் கல்லு?"

"அது குதிர காலு. எங்க யூனிட்டு பொம்ம. நான் சீவுனது."

அம்மா மாடத்தைப் பார்த்தாள். "குதிரையா?" என்றாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பு இல்லை, இருமல் மாதிரி வந்தது. "குதிர காலுக்கா நான் பூ வச்சிகினு இருந்தேன்?" பிறகு கேட்டாள், "அப்ப அவரு இப்ப எங்கடி இருக்காரு?"

"தெரியலம்மா."

"தெரியாதவ ஏண்டி சொன்ன?"

அம்மா அன்றைக்குச் சமைக்கவில்லை. மறுநாளும் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் பெரியப்பா வெற்றிலை பாக்கோடு வந்து உட்கார்ந்தார். நான் அடுப்படியில் இருந்தேன். தலையில் முக்காடு போட்டுக் கதவோரம் நின்றே அவரிடம் பேசுகிற அம்மா, அன்றைக்கு நடுக்கூடத்துக்கு வந்து நின்றாள்.

"மாமா, கேட்டுலியே போயிடுச்சா?"

பெரியப்பா அடுப்படிப் பக்கம் என்னை முறைத்தார். பிறகு வெற்றிலையில் சுண்ணாம்பைத் தடவ ஆரம்பித்தார். "போனா என்னா? நான் கொண்டாந்து சேத்தனா இல்லியா? ரெண்டு பர்லாங்கு. சாமி என்னா டேப்பு வச்சா அளக்கறாரு? கொஞ்சம் அப்பிடி இப்பிடி இருந்தா பாத்துக்குவாரு."

"பாத்துக்குவாரா?"

"பின்ன? நம்ம மனசுதான் முக்கியம்."

"அப்ப புதுச்சேரிய மட்டும் பாத்துக்க மாட்டாரா?" என்றாள் அம்மா.

பெரியப்பா மடித்த வெற்றிலை கையிலேயே இருந்தது. "இந்தாம்மா, அது வேற" என்றார்.

"ரெண்டு பர்லாங்குக்கா அந்த மனுசன எழுப்பித் தூக்கிகினு வந்தீங்க? ஃபேனுக்கு அடியில நிம்மதியா இருந்தவர?" அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. "எழுந்து போங்க மாமா. உங்க வாய்நாத்தம் எனக்குத் தாங்கல."

அவர் போன பிறகு உட்கார்ந்திருந்த இடத்தை அம்மா தண்ணீர் ஊற்றிக் கழுவினாள். சாணம் கரைத்து மறுபடி கழுவினாள். மாடத்திலிருந்த குதிரைக் காலை அவள் எடுக்கவுமில்லை, அன்றிலிருந்து பூ வைக்கவுமில்லை. என்னிடம், "காலப் பஸ்ஸு எத்தன மணிக்கு?" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் கிளம்பினோம். பஸ்ஸில் கூட்டம். அம்மாவுக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கேட் மூடியிருந்தது. பஸ் நின்றதும் எல்லாரும் சலித்துக்கொண்டார்கள்.

"எந்த எடம்?" என்று கேட்டாள்.

தண்டவாளத்துக்கு அந்தப் பக்கமிருந்த புங்க மரத்தைக் காட்டினேன். டீக்கடை இப்போது ஓடு போட்டிருந்தது. மரத்தடியில் யாரோ துப்பி வைத்திருந்தார்கள். வாழைப்பழத் தோல், எருமைச் சாணி. அம்மா அதையெல்லாம் பார்த்தாள். பிறகு முந்தானையை இடுப்பிலிருந்து உருவி, கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி விசிறத் தொடங்கினாள்.

பஸ்ஸில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் கூச்சமாக இருந்தது. "அம்மா, பாக்கறாங்க" என்றேன். எதிர் சீட்டுக்காரர், "புழுக்கமா இருக்குதாம்மா? இந்தாங்க, பேப்பரு, இத வச்சி விசிறிக்குங்க" என்று நீட்டினார். அம்மா வாங்கவில்லை. ரயில் போய் முடிந்து, கேட் தூக்கி, பஸ் நகர்ந்து மரம் பின்னால் போகும்வரை விசிறினாள். பிறகு முந்தானையை உள்ளே இழுத்துச் செருகிக்கொண்டு, ஆஸ்பத்திரிச் சீட்டைப் பத்திரமாக எடுத்து வைத்தாயா என்று என்னைக் கேட்டாள்.