குடில் ரயிலுக்கு எதிரே வந்த வண்டி

பேய், ஆவி, காத்து கருப்புன்னு யாராச்சும் ஆரம்பிச்சா மொதல்ல சிரிக்கிறவ நான்தான், எங்க கம்பெனி பஸ்ல யாரை வேணா கேட்டுப் பாருங்க. ஆலங்காயம் பக்கத்துல இருந்து வர்ற பொண்ணுங்க புளியமரம், மோகினின்னு கதை விட்டா, "ஏன்டி, அதுக்கு வேற வேலை இல்லையா, நம்மள மாதிரி ஷிப்டுக்குப் போவாதா"ன்னு கேட்டு வாயடைச்சிடுவேன். அப்படிப்பட்ட நான் இத சொல்றேன். என்னோட இன்னும் மூணு பேர் பாத்தாங்க. ஆனா அதுல ரெண்டு பேரு, நான்தான் ஏதோ வித்தை காட்டுனேன்னு இன்னிக்கும் சொல்லிட்டுத் திரியறாங்க, அதான் பெரிய பேஜாரு.

நான் ஆம்பூர்ல ஷூ கம்பெனியில செக்கிங்ல இருக்கறேன். எங்க அப்பா ஜோலார்பேட்டையில கூட்ஸ் வண்டி கார்டா இருந்து ரிட்டையர் ஆனவரு. அம்மா போனதுக்கப்புறம் எங்களோடதான் இருக்காரு. போன வருஷம் மழைக்காலத்துல அவருக்கு ஸ்ட்ரோக் வந்து வலது கை விழுந்துடுச்சு. பேச்சு நல்லா இருக்கு, கால் கூட சமாளிக்கலாம், கை மட்டும் துணி மாதிரி தொங்குது. பிசியோ பண்ண வர்ற தம்பி தெளிவா சொல்லிட்டாரு, "அக்கா, நான் எவ்ளோ தூக்கி விட்டாலும் பிரயோஜனம் இல்ல, அவரே தூக்கணும்னு நெனைக்கணும், இப்ப விட்டா அப்படியே இறுகிடும்"னு. ஆனா அப்பா நெனைக்கவே மாட்டேன்னாரு. "போதும்மா, ஓட்டுனது போதும்"னு சொல்லி செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்குவாரு. எங்க அப்பா எப்படிப்பட்ட மனுஷன் தெரியுமா, கல்யாண வீட்டுல பந்தியில உக்காந்தா பந்தி முழுக்க சிரிப்பு கேட்கும். அவரு இடது கையில ஸ்பூன் புடிச்சு சோறு சிந்தும்போது நான் வேற பக்கம் பாத்துக்குவேன்.

கிறிஸ்மஸ் வந்துச்சு. எங்க வீட்டுக் குடில் தெருவுலயே ஃபேமஸ், தற்பெருமை இல்ல, உண்மை. கட்டிங்ல விழற வேஸ்ட் தோல வாங்கி வந்து மலை செய்வேன், பச்சை தோல நறுக்கி புல்லு, ஷூ டப்பாவுல வீடு. மாட்டுத் தொழுவத்தைச் சுத்தி ஒரு பொம்மை ரயில் ஓடும். பெத்லகேம்ல ஏதும்மா ரயிலுன்னு ஃபாதர் கூட கிண்டல் பண்ணியிருக்காரு. குடில் வாசல் ரூம்ல, அப்பா உள் ரூம்ல கட்டில்ல. எழுந்து வந்து பாருங்கப்பான்னா வர மாட்டாரு.

என் தோஸ்த் பர்வீன், எங்க லைன்லதான் தைக்கிறா, அவதான் ஐடியா குடுத்தா. அவ வீட்டுக்காரருக்கு மொபைல் கடை. சட்டை பட்டன் சைஸுல ஒரு கேமரா கொண்டு வந்தா, அத ரயில்ல வெச்சா படம் டிவியில தெரியும். எல்லாரும் இன்ஜின்ல வெக்கச் சொன்னாங்க. நான் கார்டோட பொண்ணாச்சே, கடைசிப் பெட்டியில, கார்டு கதவாண்ட நின்னு எட்டிப் பாக்கற மாதிரி வெளிய பாக்க ஒட்டுனேன்.

டிவிய அப்பா ரூம்ல போட்டோம். என் வீட்டுக்காரர் சார்லஸ், பர்வீன், நான், மூணு பேரும் கட்டில் பக்கத்துல நின்னோம், வெளக்கு வெக்கிற நேரம். சார்லஸ் ரிமோட்ட அமுக்குனாரு. அடடா, அந்தக் கேமரா கண்ணுல பாக்கணும் நீங்க! தோல் மலை நெஜ மலையாட்டம் நகருது, ஆட்டுக்குட்டி யானை சைஸுல வருது, மூணு ராஜா பொம்மையும் பிளாட்பாரத்துல டிக்கெட் கெடைக்காம நிக்கிற மாதிரி நிக்கிறாங்க. அப்பா தலைய திருப்பிட்டாரு. "ஒரே லைன்தானா? எதிர் வண்டி வந்தா எங்கம்மா நிறுத்துவ?"ன்னாரு. அவர் வாயில இருந்து அந்த நக்கலு வந்து எவ்ளோ நாளாச்சு! "எதிர் வண்டிக்கு எங்கப்பா காசு, இருக்கறதே ஒண்ணு"ன்னேன்.

ரயில் சுத்தி வந்து குகைக்குள்ள போச்சு. குகைன்னா இன்னா, ஷூ டப்பா ரெண்ட ஒட்டி மேல தோல் போர்த்தியிருக்கேன், என் முழங்கை நீளம் கூட வராது. டிவி இருட்டாச்சு. கண்ணு இமைக்கறதுக்குள்ள வெளிய வந்துடணும், வரல. இருட்டுல ஒரு ஓரமா வெளிச்சம் வருது, மொதல்ல சின்னதா, அப்புறம் ஜாஸ்தியா, குகை செவுத்துல கல்லு கல்லா தெரியுது. அட்டை டப்பாவுல ஏதுங்க கல்லு? அப்புறம் ஒரு இன்ஜின் பக்கத்துல கடந்து போச்சு, அதுக்குப் பின்னாடி கூட்ஸ் பெட்டி, பெட்டி, பெட்டி, போய்ட்டே இருக்குது. சத்தியமா சொல்றேன், சத்தம் கொஞ்சம் கூட இல்ல, வெளிச்சமும் பெட்டியும்தான். கடைசியில கார்டு பெட்டி. அதுல ஒரு ஆளு வெளிய சாய்ஞ்சு நின்னு பச்ச லைட்ட நீட்டுனாரு, நேரா எங்களப் பாத்து.

அப்பாவோட வலது கை போர்வைக்குள்ள இருந்து வெளிய வந்துச்சு. மேல போச்சு. நீட்டி, லைட்ட புடிச்ச மாதிரி மூடிக்கிட்டு, ஆடாம நிக்குது. "ஆல் ரைட்"னாரு, டூட்டி குரல்ல.

டிவியில ரயில் குகைய விட்டு வெளிய வந்துச்சு, அதே மூணு ராஜா, அதே யானை ஆட்டுக்குட்டி. மொதல்ல பர்வீன் கை தட்டுனா. "ஏய் ஸ்டெல்லா, சூப்பர்டி, எங்கடி புடிச்ச அந்த வீடியோவ, எப்படி நடுவுல ஒட்டுன?" சார்லஸும், "எங்கிட்ட கூட சொல்லல பாரு, கள்ளி"ன்னு சிரிக்கிறாரு. எனக்கு அது எதுவும் காதுல ஏறல. "அப்பா, கை!"ன்னு கத்துனேன். அவரு அப்பதான் திரும்பி தன் கைய பாத்தாரு. பாத்ததும் பயந்துட்டாரு, கை பொத்துன்னு விழுந்துடுச்சு. நான் அவர் மார்ல சாஞ்சு ஓன்னு அழுதேன், ஷூ கம்பெனியில சூப்பர்வைசரையே அழ வெக்கிறவ, அப்படி அழுதேன். கொஞ்ச நேரம் கழிச்சு அப்பாவே பல்லக் கடிச்சுட்டு மறுபடி தூக்கிப் பாத்தாரு, பாதி தூரம் வந்துச்சு.

நான் ஓடிப் போய் குகைய பிச்சுப் பாத்தேன். உள்ள காஞ்ச பசையும் ஒரு கரப்பானும். அன்னிக்கு எவ்ளோ தடவ ரயில ஓட்டியிருப்போம்னு கணக்கில்ல, அப்புறம் ஒரு தடவ கூட வரல. நான் ஒண்ணும் பண்ணலன்னு பர்வீன்கிட்ட பைபிள் மேல அடிச்சு சொல்லிட்டேன், "சரி சரி, தொழில் ரகசியம், சொல்லாத"ன்னு கண்ணடிக்கிறா. பேய் இருக்குன்னு சொன்னா நம்பாத ஜனங்கள பாத்திருக்கேன், நான் கெட்டிக்காரி இல்லன்னு சொன்னா நம்பாத ஜனங்கள அன்னிக்குத்தான் பாத்தேன்.

அப்பாவ கேட்டேன், யாருப்பா அந்த ஆளுன்னு. "யாருன்னு தெரியுமா இன்னா அந்த வேகத்துல? எதிர் வண்டி கார்டு. அவன் பச்ச காட்டுனான், நான் காட்டுனேன்."

"உங்களுக்குத்தான் கை வராதேப்பா?"

"அதுக்காக காட்டாம இருக்கறதா? நாம பதில் காட்டலன்னா நம்ம வண்டியில ஏதோ கோளாறுன்னு நெனைச்சுக்குவான். நம்ம வண்டிய நிறுத்திடுவாங்கம்மா."

மறுநாள்ல இருந்து பிசியோ தம்பி வர்றதுக்கு முன்னாடியே எழுந்து உக்காந்துட்டாரு. ஈஸ்டருக்கு ஆம்பூர் பிரியாணிய வலது கையால பிசைஞ்சு சாப்ட்டாரு, சாப்ட்டுட்டு "கறி கம்மியா இருக்கு"ன்னு சார்லஸ்கிட்ட சண்ட வேற. எனக்கு அன்னிக்கு சாப்பிடாமலே வயிறு நெறஞ்சு போச்சு.

இப்ப நல்லாதான் இருக்காரு, கர்த்தர் புண்ணியத்துல. குடில பிரிச்சாச்சு, ரயிலும் கேமராவும் பரண்ல. ஆனா ஒண்ணு இருக்கு, இத பர்வீன்கிட்ட கூட சொல்லல. சில நாளு சாப்ட்டுட்டு இருக்கும்போதோ, பேப்பர் படிக்கும்போதோ, டிவி கூட ஓடாது, அவர் வலது கை பக்கவாட்டுல நீளும், கொஞ்ச நேரம் அப்படியே நிக்கும், அப்புறம் எறங்கும். இன்னாப்பான்னா, "க்ராசிங், எதிர் வண்டி"ன்னு சொல்லிட்டு அடுத்த வாய் சோறு சாப்பிடுவாரு. மொதல்ல எனக்கு சிரிப்புதான் வந்துச்சு. போன வாரம் கைய எறக்கிட்டு அவரே சொன்னாரு, "இப்பெல்லாம் நம்ம பக்கத்துல வரும்போது மெதுவா போறானுங்கம்மா."

"மெதுவா போனா இன்னாப்பா அர்த்தம்?"

"ஒருவேள நம்ம கை சரியா தெரியல போல"ன்னாரு. சிரிச்சுக்கிட்டு ரசம் கேட்டாரு.

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கெடையாது, இப்பவும் சொல்றேன். ஆனா அன்னில இருந்து அவர் கை தூக்கும்போதெல்லாம், நான் அடுப்பாண்ட இருந்தாலும் சரி, எதிர் வண்டிக்குத் தெரியற மாதிரி கரண்டியோட என் கையையும் நல்லா நீட்டிப் புடிச்சுக்கறேன்.